மெர்சியை மாற்றாத செவ்வாய்க்கிழமை

கலைமதிக்கு முப்பத்தாறு வயது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாக வேலை. ஆறு வருடம் லைனில் நின்றாள். பிறகு அதே லைனுக்கு லீடர் ஆக்கினார்கள். அவளுக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள்.

குன்றத்தூரில் காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏறியதுமே போன் வரத் தொடங்கிவிடும். ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்தியின் மாமியார் விழுந்துவிட்டார். பஸ் கேட்டுக்குள் நுழைவதற்குள் யாரை எங்கே நிறுத்துவதென்று அவள் முடிவு செய்தாக வேண்டும். யாரைக் கேட்டாலும் ஒரு முகம் சுருங்கும். அதற்கும் பழகியிருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு பேர் வரவில்லை. கடைசி மேசையில் மெர்சி இருந்தாள். முடிந்த கட்டுகளை வெள்ளை விளக்கின் கீழே வைத்து, ஒரு நிற ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு நிறம் மாறிச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது அவள் வேலை. பத்து மணிக்கு அவள் எழுந்து வந்தாள்.

"அக்கா, கண்ணு ரொம்ப எரியுதுக்கா. கொஞ்ச நேரம் வேற எங்கனா நிக்க வையேன்க்கா."

"ஆளு இல்லடி. சாப்பாடு வரைக்கும் சமாளி, மாத்தி வுடறேன்."

சாப்பாடு முடிந்ததும் ஒரு மெஷின் நின்றுபோனது. கலைமதி அங்கே ஓடினாள். மெர்சியை மறந்தே போனாள்.

பத்து நாள் கழித்து, ஒயர்கள் நிறம் மாறியிருந்த பதினொரு கட்டுகள் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் மெர்சியின் முத்திரை, அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி. மேனேஜர் ஸ்ரீதர் கலைமதியைக் கூப்பிட்டார்.

"யாரு, என்ன காரணம்? அரை மணி நேரத்துல எழுதிக் குடுங்க. கஸ்டமர் காத்துக்கிட்டு இருக்காங்க."

மெர்சியின் பெயரை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினாள். மெர்சி காண்ட்ராக்ட் ஆள் என்பதால் விசாரணைகூட இல்லை. நான்கு மணிக்கு அவளுடைய ஐடி கார்டை வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மெர்சி அழவில்லை.

"நான் அன்னிக்கே சொன்னேன்லக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் லைனில் யாரும் சண்டை போடவில்லை. சொன்ன வேலையைச் செய்தார்கள். ஆனால் வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிடும் பூஜா, "சரிங்க மேடம்" என்றாள். கலைமதி கேன்டீனில் சோறு வாங்கி உட்கார்ந்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்ரீதரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த ரிப்போர்ட்ல ஒண்ணு வுட்டுட்டேன். கண்ணு எரியுதுன்னு அவ மாத்தச் சொன்னா. நான்தான் மாத்தல."

"ரிப்போர்ட் போயாச்சு கலைமதி. இப்ப வந்து சொன்னா?"

"என் பேரைப் போட்டு இன்னொண்ணு அனுப்புங்க சார்."

ஸ்ரீதர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "மெமோ வரும். சூப்பர்வைசர் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார்."

மெமோ வந்தது. சூப்பர்வைசர் வேலை அவளுக்குப் பின்னால் சேர்ந்த இனியவனுக்குப் போனது. கடைசி மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும் என்று ஸ்ரீதர் உத்தரவு போட்டார். இரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது. இப்போது புது ரிப்போர்ட்டைப் பார்த்துக் கஸ்டமர் கேட்டதால் கிடைத்தது. ஆள் குறைந்த நாட்களில் அவளே அங்கே உட்கார்ந்தாள்.

ஒன்பது நாள் கழித்து மெர்சியைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். அவள் பக்கத்து ஷெட்டில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு நாள் டீ இடைவேளையில் கலைமதி அங்கே போனாள்.

"நம்ம லைனுக்கே வந்துடேன் மெர்சி. நான் சார்கிட்ட பேசறேன்."

"வேணாங்கா. இங்கயே நல்லாத்தான் கீது."

குரலில் கோபம் இல்லை. கலைமதி வற்புறுத்தவும் இல்லை. மெர்சி கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள்.