தகரப் பாண்டி

துடியலூரில் பம்ப் பட்டறை, காரமடையில் பாக்குத் தோப்பு, ரெண்டு மாடி வைத்த ஊடு. அத்தனையும் அஞ்சாங்கிளாஸ் தாண்டாத இந்தக் கை செய்தது. முதல் லேத்தை இறக்கியபோது ஊரே சிரித்தது. சிரித்தவர்களின் மோட்டார் இன்றைக்கும் என்னிடம்தான் ரிப்பேருக்கு வருகிறது. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவீர்கள். ஏனென்றால் போன வாரம் சரவணம்பட்டியில் ஒரு வகுப்பறைக்குள் பயந்து நின்றேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் என் மகள் செல்வி ஜெர்மன் டீச்சர். தரையில் கட்டம் கட்டமாகப் பலகை விரித்திருந்தாள். மேலே ஜெர்மன் எழுத்து, திருப்பிப் பார்த்தால் அடியில் படம். ஒரு சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் பாண்டி ஆடுவதுபோல் தாவிப்போய் அந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும். வந்திருந்த பெரியவர்களுக்கும் ஓர் ஆட்டம் உண்டாம். "வாங்கப்பா, நீங்கதான் மொதல்ல" என்றாள். பலகையிலிருந்து புதுப் பெயிண்ட் வாசம் ஏறியது. முன்னொரு நாள் பட்டறையில் எங்கள் தகரங்களில் அடித்த அதே வாசம்தான்.

செல்வி அப்போது ஒண்ணாங்கிளாஸ். இங்கிலீஷ் பாடம் உள்ள நாளில் விடியும்போதே காய்ச்சல் வந்துவிடும். டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு, "வாயே தொறக்கறதில்லீங்க. இப்படியே போனா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கங்க" என்றார். வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே நானும் இப்படித்தான் வாயை மூடிக்கொள்வேன். என் படிப்பு நின்றதே அதில்தான். தோப்பைக் கொடுக்கலாம், ஊட்டைக் கொடுக்கலாம், இதையுமா புள்ளைக்குக் கொடுத்துத் தொலைத்தேன்?

பட்டறையில் கழித்துப்போட்ட தகரத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கினேன். மேலே இங்கிலீஷ் எழுத்தைப் பெயிண்டர் எழுதினார். அடியில் படம் போட்டது நான். என் மாட்டைப் பார்த்து ஊட்டுக்காரி, "நாய் நல்லாருக்குதுங்க" என்றாள். அது கிடக்கட்டும்.

பட்டறைத் தரையில் பரப்பியதும் செல்வி பின்வாங்கினாள். "மொதல்ல நீங்க ஆடுங்கப்பா." அவள் சொல்ல வேண்டும், நான் தாவ வேண்டும். எறும்புக் குரலில், "கௌ" என்றாள்.

மாடு என்று தெரியும், எழுத்துதான் தெரியாது. எல்லாத் தகரமும் என்னை ஒரே மாதிரி முறைத்தது. ஆட்கள் லேத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். முதுகெல்லாம் வேர்வை. கண்ணை மூடிக் குதித்தேன். டங்கென்றது. திருப்பிப் பார்த்தாள். குடை.

"பயமாங்கப்பா?"

"இல்ல கண்ணு."

"பின்ன ஏனுங்க கை ஆடுது?"

என் விரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தகரமாகக் கூட்டிப்போனாள். "இது கௌ. இது அம்பர்லா. பயப்படாதீங்க, நானிருக்கறனுங்கல்ல." அன்றைக்குத்தான் அவள் வாயில் இங்கிலீஷைச் சத்தமாகக் கேட்டேன். மறுநாளும் காய்ச்சல் அடித்தது. ஆனாலும் பள்ளிக்கூடம் போனாள்.

போன வாரமும் தப்பான கட்டத்தில்தான் குதித்தேன். டங்கென்ற சத்தமில்லை, எல்லாம் ரப்பர் பலகை. பெரிய டீச்சர் மைக்கில், "இது வெளிநாட்டு முறைங்க" என்றார். செல்வி சிரித்துக்கொண்டே நின்றாள்.

அந்தத் தகரங்கள் தரைக்கு டைல்ஸ் போட்டபோது பழைய இரும்போடு போய்விட்டன. வேடிக்கை பார்த்த ஆட்களில் ஒருத்தரும் இப்போது இல்லை. செல்வியின் காய்ச்சல் போயே போச்சு. என் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் உனக்குச் சொல்கிறேன், செல்வி அம்மணி. உன் வகுப்பு வாசலில் என் பேரையும் போடு. தகரம் வெட்டினவன் என்று வேண்டாம், அதை எவனும் வெட்டுவான். இந்த ஆட்டத்தில் மொதமொதல்ல பயந்து நின்னவன் என்று போடு. ஜெர்மனிலேயே எழுது. பக்கத்தில் நின்று எனக்குப் படித்துக் காட்டு.