உத்தரவுக்குச் சமர்ப்பித்த பரீட்சைத் தாள்

1. பலகையில் என் எண்

பி.ஏ. கடைசி வருட முடிவு வந்த அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பலகையில் என் எண் இருந்தது. ஆனால் பக்கத்தில், அரசியல் அறிவியல் தாளை மறுபடி எழுத வேண்டும் என்று குறித்திருந்தார்கள்.

எனக்கு விளங்கவில்லை. மற்ற தாள்களை எழுதிவிட்டுத்தான் பயந்துகொண்டிருந்தேன். இந்தத் தாளைத் திருப்தியாக எழுதியிருந்தேன். பத்திகளுக்கு எண் கூடப் போட்டிருந்தேன்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பெண்கள் சிலர், வேலை, வீடு, குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவில் எப்படிப் படித்து முடித்தீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். தமிழ்ச் சங்க மலருக்கு அதையே எழுதித் தரச் சொன்னார்கள். எப்படி முடித்தேன் என்பது எனக்கே தெளிவாக இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அஞ்சல்வழிப் படிப்பில் நான் சேர்ந்தது கல்யாணத்துக்கு முன்பு. கல்யாணம் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டது. மகள் பொன்னி பிறந்தது இன்னொன்றை எடுத்துக்கொண்டது. பதிவு செய்து இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. விசாரித்ததில், எனக்கு இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி என்றார்கள். அதிலும் தவறினால் பதிவு காலாவதி. முதல் வருடப் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை என்று எனக்குத் தெரியும். பட்டம் இல்லாவிட்டால், க்ளார்க்கிலிருந்து அசிஸ்டெண்ட் ஆவதற்கான போட்டிப் பரீட்சைக்கு உட்காரவும் முடியாது.

2. கருத்தெல்லாம் மாடியில் இருக்கிறது

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே எங்கள் செக்‌ஷன் ஆபீசர் மல்ஹோத்ரா சாப் என்னை ஒரு ஃபைலில் நோட் எழுதச் சொன்னார். நோட் என்றால், ஒரு விண்ணப்பம் வந்தால் அதைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பு. நான் எழுதி, கடைசியில் ‘இவருக்கு லீவு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்’ என்று முடித்திருந்தேன். அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“மிஸஸ் சண்முகம், க்ளார்க்குக்குக் கருத்து கிடையாது. கருத்தெல்லாம் மாடியில இருக்கு. நாம கீழேருந்து தண்ணி எடுத்துக் குடுக்கறவங்க. குடிக்கிறதா கொட்டுறதான்னு அவங்க பார்த்துப்பாங்க.”

முதலில் விஷயம், பிறகு விதி, பிறகு முன்பு இதே போல் நடந்த கேஸ், கடைசியில் ‘சப்மிட்டட் ஃபார் ஆர்டர்ஸ் ப்ளீஸ்’. உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது. அவ்வளவுதான் நோட்.

இந்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இயல்பிலேயே நான் அப்படித்தான். காய்கறி வண்டிக்காரர் முன்னால் வெண்டைக்காயா கத்தரிக்காயா என்று நான் நிற்கிற நேரத்தில், மற்ற பெண்கள் வாங்கி, நறுக்கி, சமைத்தே விடுவார்கள் என்று என் கணவர் கேலி செய்வார். முடிவு எடுக்க வேண்டாத ஒரு வேலை கிடைத்ததை நான் பாக்கியமாகவே நினைத்தேன்.

3. ரெண்டு பக்கமும்

தவறிய தாளுக்காக, அஞ்சல்வழி மாணவர்களுக்கு நடத்தும் தொடர்பு வகுப்புக்குப் போனேன். பாடம் எடுத்தவர் என்னைவிட வயதில் சிறியவர். நான் எழுதி அனுப்பியிருந்த பயிற்சி விடையைக் கையில் வைத்திருந்தார். பாராளுமன்றத்துக்கு மேலவை தேவையா, உங்கள் கருத்தைக் கூறுக என்பது கேள்வி. தேவை என்பதற்கு நான்கு பத்தி, தேவையில்லை என்பதற்கு நான்கு பத்தி எழுதி, ‘மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு தக்க முடிவு எடுக்கப்படலாம்’ என்று முடித்திருந்தேன்.

கவர்ன்மெண்டில் வேலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்:

“எல்லாம் சரியா இருக்கு. ஆனா இதுல உத்தரவு போட வேண்டியது யாரு? நானா? நீங்க என்ன நினைக்கிறீங்கன்னுதானே கேட்டிருக்கு.”

பரீட்சையிலும் இப்படித்தான் எழுதியிருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மேலவை பற்றி உண்மையில் நான் என்ன நினைக்கிறேன்? ஒன்றுமே தோன்றவில்லை. கருத்து இருந்து அதை எழுதாமல் விட்டேனா, எழுதாமல் எழுதாமல் கருத்தே இல்லாமல் போய்விட்டதா என்று புரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி. நான் பாத்திரம் கழுவ, என் கணவர் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்பார்.

“மேலவை வேணுமா, வேண்டாமா? டக்குனு சொல்லு.”

“இல்லீங்க, ரெண்டு பக்கமும் பார்த்தோம்னா...”

“ரெண்டு பக்கமும் தோசைக்குத்தான் பார்க்கணும். வேணுமா வேண்டாமா?”

பொன்னி தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நான் இழுத்தால், “அம்மா கலத்!” என்பாள். தப்பு என்பதை அவள் இந்தியில்தான் சொல்வாள். சரி என்று அவளை ஒரு தடவையாவது சொல்ல வைப்பதற்காகவே நான் வேண்டும், வேண்டாம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லப் பழகினேன். சொன்ன பிறகு, எதிர்ப்பக்கம்தான் சரியோ என்று தூக்கம் வராது.

4. யாருடைய கருத்து?

அந்தச் சமயத்தில் ஜெய்ப்பூர் கிளையிலிருந்து ஒரு டெலிபோன் ஆபரேட்டரின் விண்ணப்பம் வந்தது. கணவர் டெல்லியில் வேலை, குழந்தை கணவரின் அம்மாவிடம், தான் ஜெய்ப்பூரில். டெல்லிக்கு மாற்றல் வேண்டும். விஷயம் எழுதினேன். டெல்லியில் காலியிடம் இல்லை என்று எழுதினேன். கடைசி வரிக்கு வந்தேன். வீட்டுப் பயிற்சியின் கோளாறா, அந்தக் குழந்தைக்கும் பொன்னியின் வயது என்பதாலா, தெரியவில்லை. ‘என் கருத்தில் இந்த மாற்றலைத் தர வேண்டும்’ என்று எழுதிவிட்டேன்.

பாராளுமன்றக் கேள்விகள் வந்து குவிந்திருந்த நாள் அது. மல்ஹோத்ரா சாப் கட்டோடு கட்டாக என் நோட்டுக்குக் கீழும் கையெழுத்துப் போட்டு மாடிக்கு அனுப்பினார். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கீழுள்ளவர் எழுதிய நோட்டில் எதுவும் சேர்க்காமல் மேலுள்ளவர் கையெழுத்துப் போட்டால், அது அவருக்கும் சம்மதம் என்று அர்த்தம்.

ஃபைல் திரும்பி வந்தது. என் வரிக்கு அடியில் கோடு போட்டு, ஓரத்தில் அண்டர் செக்ரட்டரி எழுதியிருந்தார்: யாருடைய கருத்து? வியாழன் காலை வந்து பேசவும்.

கையெழுத்துப் போட்ட மல்ஹோத்ரா சாப்புடன், எழுதிய நானும் போயாக வேண்டும். வியாழன் காலை என் பரீட்சை.

மல்ஹோத்ரா சாப் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நான் லீவை ரத்து செய்துவிட்டு வரட்டுமா, பரீட்சைக்குப் போகட்டுமா என்று அவரிடமே கேட்டேன். ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார்.

“அச்சா. மாற்றல் குடுக்கணுமா வேண்டாமான்னு மாடிக்கே சொல்லிட்டீங்க. வியாழக்கிழமை எங்க போறதுன்னும் நீங்களே சொல்லிக்குங்க. என்கிட்ட ஆர்டர் கேக்காதீங்க.”

என் கணவர், பரீட்சைக்குப் போ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கும் குழப்பம். போகாவிட்டால் பட்டம் போகும். போனால் மேலதிகாரியைப் பகைத்த மாதிரி ஆகும். நாளைக்கு நீதான் அவரோட உட்கார்ந்து வேலை பார்க்கணும் என்றார். மலை மந்திருக்குப் போய் முருகனிடம் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னேன். அங்கேயும் நான் உத்தரவுக்குச் சமர்ப்பித்துவிட்டுத்தான் நின்றேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

5. வியாழன்

பஸ் நிறுத்தத்தில் முதலில் வந்தது செக்ரட்டேரியட் பஸ். தினமும் ஏறும் பஸ்தான், கண்டக்டருக்கு என்னைத் தெரியும். “ஜல்தி, மேடம்” என்று அவசரப்படுத்தினார். கால் தானாகப் படியை நோக்கிப் போனது. ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஏறவில்லை, அவ்வளவுதான். அடுத்து வந்த பஸ்ஸில் பரீட்சைக்குப் போனேன்.

மேலவைக் கேள்வி வரவில்லை. ஆளுநர் பதவி தேவையா, உங்கள் கருத்தைக் கூறுக என்று வந்திருந்தது. தேவையில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். எழுதிய உடனே அடித்துவிடலாமா என்று பேனா அந்த வார்த்தையின் மேலேயே நின்றது. அடிக்காமல் காரணங்களை எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம், மாடியில் மல்ஹோத்ரா சாப் நின்றுகொண்டு என்ன பதில் சொல்கிறாரோ என்பதுதான் மனதில் இருந்தது. கடைசியில் ‘சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதாமல் முடிப்பது, கும்பிடாமல் கோயிலைவிட்டு வருவது போல இருந்தது.

6. வெள்ளி

மறுநாள் சீட்டில் உட்காருவதற்கு முன்பே மல்ஹோத்ரா சாப் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். உட்காரச் சொன்னார்.

“யாருடைய கருத்துன்னு கேட்டார். கீழே என் கையெழுத்து. படிக்காம போட்டுட்டேன்னு சொல்ல முடியுமா? என்னுதுதான் சார்னு சொன்னேன். சொல்லிட்டா அதைக் காப்பாத்தணுமே. காலியிடம் இல்லியே, எப்படித் தருவீங்கன்னார். அப்பதான் ஞாபகம் வந்தது. நம்ம ஆபீஸ்ல இருக்கற டெலிபோன் ஆபரேட்டர் பொண்ணு ஜெய்ப்பூர் ஜெய்ப்பூர்னு ரொம்ப நாளா அழுதுகிட்டிருக்கு. ரெண்டு பேரையும் மாத்திக்கலாம் சார்னு சொன்னேன். சரின்னுட்டார்.”

நன்றி என்றேன்.

“நன்றி இருக்கட்டும். அடுத்த தடவை எழுதறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. என் கருத்து என்னன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?”

பரீட்சையில் தேறினேன். பிரமாதமான மார்க் இல்லை. என் கணவர் பர்ஃபி வாங்கி வந்தார். பொன்னி முதல் முறையாக ‘அம்மா சஹி’, அம்மா சரி, என்றாள், பர்ஃபிக்காகவும் இருக்கலாம்.

7. இப்போது

அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டேன் என்று எழுதித்தான் இந்தக் கட்டுரையை முடிக்க வேண்டும். எனக்கு நேராகச் சொல்ல வரவில்லை. கருத்துச் சொன்னதால் பட்டம் வந்தது. ஆனால் அந்த ஜெய்ப்பூர்ப் பெண்ணுக்கு மாற்றல் கிடைத்தது என் கருத்தாலா? என் கருத்தில் காலியிடம் இல்லை. மல்ஹோத்ரா சாப்பின் ஞாபகத்தில் இருந்தது. அந்த ஞாபகத்தைக் கிளறியது என் வரிதான் என்றும் தோன்றுகிறது. இந்த இடத்தில் வந்து எப்போதும் நின்றுவிடுகிறேன்.

அசிஸ்டெண்ட் பரீட்சை எழுதித் தேறி, இப்போது அதே செக்‌ஷனில் அசிஸ்டெண்டாக இருக்கிறேன். புதிதாக வந்த பெண்கள் எழுதும் நோட் என் வழியாகத்தான் மேலே போகிறது. போன வாரம் ஒருத்தி கொண்டுவந்தாள். விஷயம், விதி, பழைய கேஸ், கடைசியில் உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். பயந்துவிட்டாள்.

“அதையும் எழுதணுமா மேடம்?”

“எழுத வேண்டாம்மா. எங்கிட்ட சொல்லு போதும்.”

தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் சொன்னதை என் கையெழுத்துக்கு மேலே என் கையால் எழுதி மாடிக்கு அனுப்பினேன். அனுப்பியதிலிருந்து, எழுதியது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃபைல் இன்னும் திரும்பி வரவில்லை. வந்து பேசவும் என்று வந்தால் போக வேண்டியது நான்தான். எந்த நாளாக இருந்தாலும் போவேன். எனக்கு இனிமேல் பரீட்சை ஒன்றும் இல்லை.