பிளக்கைப் பிடுங்குகிறவர்

உத்திரமேரூர் கடைத்தெருவில் எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் பார்க்கும் அந்தப் பெண், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, ஆட்களையும் பூதக்கண்ணாடி வழியாகவே பார்ப்பார். என் குஞ்சு பொரிக்கும் பெட்டி, கரண்ட் போய் வந்தாலே நான் வைத்த சூட்டை மறந்துவிடும். போன தடவை வைத்த முட்டை முழுக்கக் கூமுட்டையாகிவிட, பெட்டியை அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"கரண்டு இருக்கச்சொல்ல சரியாத்தான காட்டுது?" என்றேன்.

"அத்த காட்டறது பெரிய சிப்பு. கரண்டு போனா மறந்துடும். அப்பவும் ஞாபகம் வெச்சிக்கிறது இந்த எட்டுக்கால் சிப்புதாண்ணா. இதுல புச்சா எழுதவுடாம பூட்டறதுக்கு ஒரு கால் கீது. அழுக்கு சேந்து பக்கத்து காலோட ஒட்டிக்கினு, பூட்டிக்கினு கீது."

சுரண்டித் துடைத்தார். முப்பத்தேழு பாயிண்ட் அஞ்சு டிகிரி சூட்டை வைத்தார். உடனே பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார். அதே எண் வந்தது. நான் கை நீட்டினேன். அவர் திரும்பவும் பிடுங்கினார்.

"அதான் வந்துட்ச்சே?"

"ஒருதபா வந்தா நம்பிடுவீங்களா? நாளைக்கு இதுல உயிர வெக்கப்போறீங்கோ."

நான் டீ குடித்துவிட்டு வந்தபோதும் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தார்.

குஞ்சுகள் பொரிந்ததும் சொல்லப் போனேன். என் முகம் அவருக்கு நினைவில்லை. பூதக்கண்ணாடியைத் தள்ளிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"முப்பத்தேழு பாயிண்ட் அஞ்சுதானே?" என்றார்.