பீரங்கிகள் பார்த்த இலுப்பை மரம்

போனவர்கள் நால்வர்: நான், என் கணவர், எனக்கு மச்சாளான அவருடைய அக்கா, ஆட்டோ ஓட்டிய ரூபன் தம்பி.

போன செவ்வாய் காலை ஆறரைக்குப் பருத்தித்துறையில் இருந்து புறப்பட்டோம். வலிகாமம் வடக்கில் என் கணவர் வீட்டாரின் காணியை இராணுவம் விடுவித்துவிட்டது. தொண்ணூறில் இடம்பெயரும்வரை, அங்கே இலுப்பை மரத்தடியில் சூலம் நாட்டி வைரவராகக் கும்பிட்டு வந்தார்கள். கடைசியாக விளக்கு வைத்தவர் மச்சாள். அதே இடத்தில் திரும்பவும் சூலம் நாட்ட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. எழுபத்தாறு வயது, இருதயமும் சரியில்லை. தள்ளிப்போட முடியாது.

அச்சுவேலிப் பக்கமாக ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். போகவர ஆறாயிரம் ரூபாய்.

யுத்த காலத்தில் அந்தக் காணி பீரங்கி பழக்கும் முகாம். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கடலை நோக்கிச் சுட வைத்தார்களாம். வடமராட்சியில் எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும். ஒரே இடைவெளியில் கேட்டால், பழகுகிறார்கள் என்று சமையலைத் தொடர்வோம். ஒழுங்கு தப்பினால் அடுப்பை அணைத்துவிட்டுப் பங்கருக்குள் இறங்குவோம்.

வெங்காயம் விளைந்த செம்மண்ணில் இப்போது பிறை வடிவில், பீரங்கிகள் நின்ற ஆறு கொங்கிறீற் வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேர் நின்று திரும்பலாம். வீடில்லை, பனையில்லை. தூரத்தில் அந்த இலுப்பை மட்டும் வானம் முட்ட நிற்கிறது! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கிட்டப் போனால், அடிமரத்தில் பூச்சுமேல் பூச்சாக வெள்ளைச் சுண்ணாம்பு.

பக்கத்துக் காணியில் இன்னும் முகாம் உண்டு. கம்பி வேலிக்கு அப்பால் நின்ற வயதான சிப்பாயிடம், இதை மட்டும் ஏன் வெட்டவில்லை என்று கணவர் கேட்டார்.

“இது வெட்ட விடமாட்டாங்க ஐயா. குழல் திருப்ப அசையாத ஒண்ணு வேணும். எல்லாப் பீரங்கியும் முதல்ல இந்த மரம் பார்க்கும். அதிலயிருந்துதான் எவ்வளவு திருப்பணும்னு அளவு.”

மச்சாளின் முகம் கறுத்தது. “அப்ப எங்கடை சனத்துக்கு விழுந்த செல்லுக்கும் வைரவர்தான் வழி காட்டினவரோ?”

“அக்கா, இஞ்சை சுட்டது கடலுக்கு” என்றார் கணவர்.

“இஞ்சை பழகினவங்கள் பிறகு எங்கை சுட்டவங்கள், தம்பி?”

ரூபன் மெல்ல, “அன்ரி, சூலம் வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, வெய்யில் ஏற முதல் திரும்புவம்” என்றான்.

“விசரா, ஆர் வேண்டாமெண்டது? அவரோடை எனக்குக் கதைக்க நிறைய இருக்கு. முதல் அவரை இருத்துவம்.”

கடற்காற்றில் கற்பூரம் மூன்று தரம் அணைந்தது. நாலாம் தரம் மச்சாள் உள்ளங்கையில் ஏந்தி எரித்தார்.

பிறகுதான் சிக்கல். கிணறு தூர்ந்துவிட்டது, வேலி அடையாளமும் இல்லை. சூலம் மரத்துக்குக் கிழக்கே இருந்தது என்கிறார் மச்சாள். தெற்கு என்கிறார் கணவர்.

“உனக்கு எப்பவும் கண் வடைமாலையிலை. சூலம் எங்கை தெரிஞ்சது?”

நான் அந்தக் குடும்பத்துக்கு வந்ததே அவர்கள் இடம்பெயர்ந்த பிறகுதான். என்னைக் கேட்டுப் பயனில்லை.

போகிறவர்களுக்கு: நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். துருப்பிடித்த கம்பிகள் உண்டு, சப்பாத்து போடுங்கள். கண்ணிவெடி அகற்றிய பாதையை விட்டு விலகாதீர்கள். முகாம் பக்கம் படம் எடுக்காதீர்கள். பீரங்கிக்கும் குறியாக நின்ற மரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, கும்பிடவும் தோன்றும், கோபமும் வரும். இரண்டோடும் நின்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை சூலத்துக்குப் பீடம் கட்ட மேசன் வருகிறார். இடம் பிழைத்தால் மச்சாள் நாட்ட விடமாட்டார். அந்தக் காணி இருந்த கடற்கரை ஒழுங்கையில் இலுப்பையடி வைரவரைக் கும்பிட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், சூலம் கிழக்கிலா தெற்கிலா என்று வியாழனுக்குள் கீழே பதில் எழுதுங்கள்.