பேருக்குப் பேர்

கின் லே வேயை எரித்த அன்று நான் தப்பான ஆளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாங்கள் பர்மாக்காரர்கள், சுடுகாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்ப மாட்டோம். அங்கே நிற்கும் மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, போனவரைப் பேர் சொல்லி, 'வா, வீட்டுக்குப் போகலாம்' என்று கூப்பிடுவோம். கிளையோடு அவரும் வருவார். ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போட்டு, போய் வா என்று அனுப்பிவைப்போம். கூப்பிட ஆளில்லாதவர்கள் செத்தது கூடத் தெரியாமல் அங்கேயே நிற்பார்கள்.

நானும் ஒடித்தேன். "கின் லே வே, வாடி, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். எட்டு வருஷமாக வாயில் புழங்கிய பேர், தானாக வந்துவிட்டது. தாய்லாந்தில் நாங்கள் பிழைக்கும் மஹாசாய்க்குத் திரும்பும் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்த தாய்லாந்துக்காரி என்னைப் பார்த்தாள். என் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். பிறகு அங்கே வைத்திருந்த தன் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், இன்னொரு ஆள் உட்கார இடம் விடுகிற மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, கின் லே வே அவளுடைய பேரே இல்லையே! அது அவளுக்கு முன்னாலேயே செத்துப்போன வேறொருத்தியின் பேர்.

என்னோடு தங்கியிருந்தவள் எல்லை ஆற்றைக் கடந்து இந்த ஊருக்கு வந்தபோது கையில் ஒரு காகிதமும் கிடையாது. இறால் உரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வருவதற்கு முந்தைய வாரம் அங்கே ஒரு பெண் காய்ச்சல் கண்டு பாயிலேயே செத்திருந்தாள். அவளுடைய வேலை அனுமதி அட்டை இன்னும் காலாவதியாகவில்லை. அதனால் கங்காணி அந்தப் பெண்ணைப் பேரில்லாமல் எரித்துவிட்டு, அட்டையை இவளிடம் கொடுத்தான். "இனிமே நீதான் கின் லே வே. கூப்பிட்டா ஏன்னு கேக்கணும், புரியுதா?"

ஒரு மழைநாள் மத்தியானம் மீன்குழம்பும் நூடுல்ஸும் சேர்ந்த மொஹிங்கா விற்கும் என் கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். "அந்தப் பொண்ணோட கையுறையையும் எனக்குத்தான் குடுத்தாங்க அக்கா. கைய உள்ள விட்டா இன்னும் ஈரமா இருந்துச்சு."

"சீ, வாய மூடுடி. மொஹிங்கா விக்கிற எடத்துல பேசுற பேச்சா இது?" என்று அதட்டினேன். அவள் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்கக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெண் தன் பின்னாலேயே வருகிறாள் என்பது அவளுடைய நம்பிக்கை. தெருவில் யாராவது 'கின் லே வே' என்று கூப்பிட்டால், திரும்பும்முன் ஒரு கணம் தயங்குவாள். முதலில் அந்தச் செத்தவள் திரும்பட்டும் என்று விட்டுக்கொடுப்பாளாம். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கொட்டகைக்கு லீவு விட்டால், கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு சீனக் கிழவருக்கு விளக்குப் பிடிக்கப் போவாள். அவர் புது கேமரா வாங்கியபோது பழையது இவள் கைக்கு வந்தது. அதிலிருந்து எங்கள் ஆட்கள் அவளை விடவில்லை. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்ப வீடியோ வேண்டும். யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது சாய்ந்து நின்று, "நல்லா இருக்கேம்மா, நல்லா சாப்பிடுறேன்" என்பார்கள். என் கடையின் நீலச் சுவர்தான் எல்லோருக்கும் பின்னணி. பர்மாவில் எத்தனை தாய்மார் அந்தச் சுவரைப் பார்த்து, மகன் மாளிகையில் வாழ்கிறான் என்று நினைத்தார்களோ!

அப்படி நின்றவர்களில் ஒருவன் லத் என்பவனின் தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தார்கள். "தண்ணித் திருவிழாவுக்கு வந்துருவேம்மா" என்று பல்லெல்லாம் தெரியச் சொல்லிவிட்டுப் போனான். நடுக்கடலில் வலையோடு விழுந்தான். தலைவன் கப்பலைத் திருப்பவில்லை. அவனுடைய காகிதத்தில் இருந்தது ஏதோ ஒரு தாய்லாந்துப் பேர். லத் போய்க் கேட்டபோது, "நீ சொல்ற பேர்ல எங்க கப்பல்ல யாருமே ஏறல, அப்புறம் எப்படி விழுவான்?" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

தம்பி செத்ததை அம்மாவிடம் சொல்ல லத்துக்கு நா எழவில்லை. அவளோ அடுத்த வீடியோ எப்போது வரும் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். இவளைக் கூட்டிக்கொண்டு போய் எதையாவது எடுத்து அனுப்பச் சொன்னான். எதை எடுப்பாள்? தம்பியின் துணி காய்ந்த கயிற்றை எடுத்தாள். செருப்பை எடுத்தாள். லத் பேசுவதை எடுத்தாள், முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும். வேலையும் அதோடு மாறியது. கொட்டகைப் பக்கம் அவள் திரும்பிப் போகவில்லை. கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் துறைமுகத்தில் நிற்பாள். வந்தவனை என் கடைக்கு இழுத்து வந்து சாப்பிட வைத்து, அவன் பேசப் பேசக் கையையே எடுப்பாள். விரல் போன கைகள், உப்பில் வெந்த கைகள். நான் கிண்ணம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன். பாதி நாள் எனக்குச் சோறு இறங்காது.

சும்மா படம் எடுத்துக்கொண்டு திரியவில்லை அவள். அந்தக் கைகளை அதிகாரிகள் மேஜையில் கொண்டுபோய்க் காட்டி, சண்டை போட்டு, கப்பல்களிலிருந்து ஆட்களை இறக்கியிருக்கிறாள். ஒருமுறை கேமராவை உடைக்க இரண்டு தடியன்கள் கடைக்குள் வந்தார்கள். அடுப்பில் மீன்குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. "ஒரு கரண்டி வேணுமா ராசா, தலையில ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். போய்விட்டார்கள். இன்னொருமுறை போலீஸ் அவளைப் பிடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளியது. அந்த வார முடிவிலேயே கடை வாசலில் நின்றாள், முழங்கால் வரை சேறு. "அந்தப் பக்கத்து மொஹிங்கா வாயில வைக்க வெளங்கல அக்கா, அதான் வந்துட்டேன்" என்றாள்.

அந்தக் கைப் படத்துக்கு எங்கோ வெளிநாட்டில் பரிசு கொடுத்தார்கள். அவளால் போக முடியவில்லை, பாஸ்போர்ட் இருந்தால்தானே. கண்ணாடியில் செய்த பரிசு பெட்டியில் வந்தது. அடியில் 'கின் லே வே' என்று செதுக்கியிருந்தார்கள். வெகுநேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவளுக்குப் பரிசு கெடைச்சிருக்கு அக்கா" என்றாள். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அதை அரிசிப் பானை மூடியின்மேல் பாரமாக வைத்துவிட்டேன்.

ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் என் எதிரே உட்கார்ந்து, கேமரா மூடியை எடுத்துப் போட்டு மூடினாள். "அக்கா, மூடியாச்சு. உன்னோட நெஜப் பேரு என்ன?"

என் அட்டையும் தரகனிடம் வாங்கியதுதான். அதிலிருக்கும் பேர் நூ நூ. ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. நிஜப் பேரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதில் எங்கள் ஊருக்கு ராணுவம் வந்து, வரிசையாகப் பேர் படித்தது. இருக்கேன் என்று சொன்னவர்களை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். அன்றிலிருந்து யாராவது நிஜப் பேரைக் கேட்டாலே பேச்சை மாற்றிவிடுவேன்.

"போடி, வேற வேலை இருந்தா பாரு" என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் எழுந்து போனாள். அவளுடைய நிஜப் பேரை நானும் கேட்டதில்லை. அவளுக்குத்தான் இந்தப் பேர் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். பிறகு அவளுடைய சிறுநீரகம் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில் கண் மூடியபோதும் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் இருந்தது அந்தச் செத்தவள் பேர்தான்.

அதனால்தான் சொல்கிறேன், நான் கூட்டிவந்தது அந்த இறால் கொட்டகைப் பெண்ணை.

கிளையை ஜாடியில் வைத்து, இவளுக்குப் பிடித்த காப்பியை எதிரே வைத்தேன். மறுநாளும் அளவு குறையாமல் ஆறிக் கிடந்தது. நான் சாப்பிட எடுத்து வைத்திருந்த உப்பு மாங்காயைக் காணோம். இவள் புளிப்பு என்றாலே முகத்தைச் சுளிப்பவள். எலி என்பவர்கள் எலி என்று சொல்லிக்கொள்ளட்டும். காலையில் குடிதண்ணீர்ப் பானையில் கையை விட்டேன், விரல் விறைத்துவிட்டது. இந்த வெக்கையில், ஐஸ் கொட்டியது போன்ற தண்ணீர்! இறால் உரிப்பவர்களின் கை நாள் முழுக்க அந்தத் தண்ணீரில்தான் கிடக்கும்.

நான் பயந்தது அந்தப் பெண்ணுக்காக அல்ல. பாவம், அவள் எங்கே போவாள். என் வயிறு எரிந்தது என்னுடையவளுக்காக. இங்கே நான் இன்னொருத்திக்குக் காப்பி போட்டுக்கொண்டிருக்க, அவள் அந்த மரத்தடியில் நின்று, அக்கா ஏன் கூப்பிடாமல் போனாள் என்று பார்த்துக்கொண்டிருப்பாளே! ஏழாம் நாளுக்குள் நிஜப் பேர் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவள் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

ஆறாம் நாள், மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரிக்க லத்தும் கப்பல்காரப் பையன்களும் வந்தார்கள். நான் கரண்டியை டங்கென்று கீழே போட்டேன்.

"அவளோட நெஜப் பேரு எவனுக்காவது தெரியுமாடா?"

எல்லோரும் வெங்காயத்தையே பார்த்தார்கள்.

"டேய் லத், ஒன்னத்தான். தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றான்.

பக்கத்திலிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஒனக்குமா?"

"ஏன், ஒனக்குமா தெரியும்?"

மூலையிலிருந்து இன்னொருவன், "கப்பல்காரங்கள்ல என்கிட்ட மட்டுந்தான் சொன்னதா சொல்லிச்சே அக்கா!" என்று அழமாட்டாத குறையாகச் சொன்னான். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எட்டு வருஷம் என் பாயில் பாதியை எடுத்துக்கொண்டவள், கண்ட கழுதைக்கெல்லாம் பேரைச் சொல்லியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் உயிரோடு இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

"சொல்லித் தொலைங்கடா."

"சொல்ல முடியாது அக்கா" என்றான் லத். "கப்பல்காரங்க கதவச் சாத்துனதுக்கு அப்புறம், தம்பிக்காகக் கடல் ஓரத்துல கெளை ஒடிச்சப்ப, அவன் பேர மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் வரல. யாராவது கேட்டுட்டா, பொய்ப் பேர்ல இருக்குற நானும் மாட்டிப்பேன்ல. அப்ப அந்த அக்கா கேமராவ மூடிட்டு, மொதல்ல தன் பேரச் சொல்லிச்சு. 'இப்ப என் உசிரு ஒன் கையில இருக்கு, ஒன்னோடதக் குடு'ன்னுச்சு. பேருக்குப் பேரு. பேரு குடுக்காதவங்களுக்குச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிருச்சு. நான் கடல்ல போனா அது கூப்பிடும். அது போனா நாங்க கூப்பிடணும்."

"அப்ப சுடுகாட்டுல ஏன்டா கூப்பிடல, வாயில கொழுக்கட்டையா?"

"நாங்க கரையில இருந்தாத்தானே. நேத்துத்தான் வந்தோம். நீ சரியாக் கூப்பிட்டிருப்பேன்னு நெனச்சோம் அக்கா. ஒனக்குச் சொல்லாம இருக்குமா?"

மூடியாச்சு அக்கா என்று அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி அங்கேயேதான் கிடந்தது. முதலில் தன் பேரைச் சொல்வதுதான் அவளுடைய முறை. என்னிடம் மட்டும் ஏன் அவள் முதலில் சொல்லவில்லை? என் பயம் அவளுக்குத் தெரியும். அவள் சொல்லிவிட்டால் நான் சொல்லியாக வேண்டுமே என்றுதான் விட்டிருக்கிறாள்.

லத்தைப் பானைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அப்பா வண்டியில் ஏறியது கண்ணில் வந்தது. கடைசியில் அவன் காதில் சொன்னேன். என் பேரை என் வாயால் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! யாரோ வேறு வீட்டுப் பெண்ணின் பேர் போல இருந்தது. அவன் என் காதில் அவள் பேரைச் சொன்னான்.

அதை இங்கே எழுத மாட்டேன். வேண்டுமானால் என் கடைக்கு வந்து உங்கள் பேரைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றே சுடுகாட்டுக்குப் போனோம். அதே மரத்தில் இன்னொரு கிளையை ஒடித்து, நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "வாடி, நேரமாச்சு, வீட்டுக்குப் போகலாம். கோவமா இருந்தா வந்து திட்டு." திரும்பி வரும்போது வண்டியில் ஒடுங்கி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டேன். மறுநாள் காலையில் காப்பியில் ஒரு எறும்பு கூட மொய்க்கவில்லை, ஆனால் அளவு குறைந்திருந்தது. எனக்கு அது போதும்.

பிக்குகள் வந்து சாப்பிட்டார்கள். மேடையில் இரண்டு ஜாடி, இரண்டு கிளை, இரண்டு கிண்ணம். ஒரு கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடிப் பரிசை, அதன் பேருக்குரியவளிடமே வைத்தேன். பெரிய பிக்கு யாருக்காக என்று கேட்டார். கின் லே வே என்றேன். பிறகு கிட்டே போய், மற்றவளின் பேரை அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். புண்ணியத் தண்ணீர் வார்க்கும் நேரத்தில், "தானம் குடுக்குறது யாரும்மா?" என்றார்.

நூ நூ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நாக்கு புரளவில்லை. எல்லோர் முன்னாலும் என் நிஜப் பேரைச் சத்தமாகச் சொன்னேன். யாரும் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. தண்ணீரை வார்த்தேன், இரண்டு பேரையும் போய் வரச் சொன்னேன்.

லத் மெதுவாகக் கேட்டான். "அக்கா, அப்ப நூ நூ யாரு?"

இத்தனை வருஷத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. தரகன் அட்டையைக் கொடுத்தான், வாங்கிக்கொண்டேன். அந்தப் படத்திலிருந்த பெண் என்ன ஆனாள் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"தெரியலடா" என்றேன்.

உள்ளே போய் இன்னொரு கிண்ணம் எடுத்து வந்து சோறு வைத்தேன். உயிரோடு இருந்தால் மன்னித்துக்கொள்ளட்டும். வாசலைப் பார்த்து நின்று, "நூ நூ, வாம்மா, வந்து சாப்பிடு" என்று கூப்பிட்டேன். பழக்க தோஷத்தில் நானே ஏன் என்று கேட்டுவிடுவேனோ என்று பயந்து, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.