வீங்கிய முட்டியும் ‘கெங்’ என்ற சொல்லும்

‘கெங்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ராணுவ முகாமிலிருந்து நம் ஆட்கள் கற்றுக்கொண்டு வந்த சொல் அது. உடம்புக்கு ஒன்றும் இல்லாமலே வலிக்கிறது என்று நடித்து, பயிற்சியிலிருந்து நழுவுகிறவனை அப்படிச் சொல்வார்கள். தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போன எல்லாரும் அடுத்தவனை அப்படிச் சொல்லியிருப்பார்கள். தன்னைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தும் இருப்பார்கள். சேவை முடிந்து வரும்போது அந்தச் சனியனை முகாமிலேயே விட்டுவிட்டு வந்தால் என்னவாம்?

நான் பயிற்சி கொடுக்கும் காற்பந்துக் குழு பெரிய குழு ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அது முடிந்தால் தேக்கா சந்தைக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக். எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர்களில் கெட்டிக்காரன் ஒருவன் இருக்கிறான். ஏர்கான் சர்வீஸ் செய்கிறவன். நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்குவதுதான் அவன் பிழைப்பு. ஒரு நாள் பயிற்சியில், பந்தைத் துரத்திப் போய்த் திரும்பும்போது அவனுடைய வலது முட்டி மடங்கிவிட்டது. மறுநாள் காலை அது தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. பாலிகிளினிக் டாக்டர் ஆடவே கூடாது என்று சொல்லி எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு கொடுத்து, ஸ்கேனுக்கும் அனுப்பினார். ஸ்கேனுக்கு நாள் கிடைத்தது எங்கள் அரையிறுதி ஆட்டத்துக்குப் பிறகுதான்.

அவன் இதை வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னான். முதல் பதில் என்ன வந்தது தெரியுமா? “அரையிறுதி வந்தா எம்சியும் வந்துடுது. கெங் லா மச்சி!” அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். கேலிதான், எனக்கும் தெரியும். ஆனால் “முட்டி எப்படிடா இருக்கு?” என்று கேட்க ஒருத்தனுக்காவது வாய் வந்ததா? “வாய மூடுங்கடா” என்று நான் போட்டேன். அதற்கும் ஒரு சிரிப்பு முகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனால், முட்டியைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு, ஜெர்சியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு அவன் நிற்கிறான்.

“என்னடா இது?”

“ஆடுறேன் கோச். வலி கொஞ்சம்தான். மாத்திரை போட்டுட்டேன்.”

“எங்க, உக்காந்து எழுந்திரு, பார்ப்போம்.”

பாதி குனிவதற்குள் முகம் வெளிறி என் தோளைப் பிடித்துக்கொண்டான். எங்கள் குழுத் தலைவர் பக்கத்தில்தான் நின்றார். சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். ஜெர்சி எல்லாம் அவர் உபயம்.

“அவனே ஆடுறேங்கிறான், உங்களுக்கு என்ன கோச்? நாங்கல்லாம் காய்ச்சலோட மார்ச் போனவங்க. கெங் பண்ணாதடான்னு ரெண்டு தட்டு தட்டுனா ஓடுவான்” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “அண்ணே, நாளைக்கு இவன் ஏணியிலேருந்து விழுந்தா நீங்களா சோறு போடுவீங்க? ஜெர்சி வாங்கிக் குடுத்தீங்க, சந்தோஷம். அதுக்காக இவன் காலையும் எழுதி வாங்கிட்டீங்களா?”

தலைவர் நகர்ந்துவிட்டார். ஆனால் அவன் விடவில்லை.

“கோச், ப்ளீஸ். இன்னைக்கு ஆடலைன்னா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவானுங்க.”

அந்தப் பயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கோப்பை மேல் இருந்த ஆசையில் துடித்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றி என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். ஆட்டம் முடியும்வரை அவன் வெறும் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தான்.

பெனால்டியில் தோற்றோம். தேக்காவில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. “கோச் ரொம்ப சாஃப்ட் லா” என்று பக்கத்து மேசையில் ஒருத்தன் என் காதில் விழும்படியே சொன்னான். சாஃப்டாம்! முப்பது வயதுகூட ஆகவில்லை, மேம்பாலப் படியில் இறங்கக் கைப்பிடியைத் தேடுகிறார்கள் இவர்களில் பாதிப் பேர். வலியைச் சொல்ல வெட்கப்பட்டு ஆடி ஆடி வந்த வினை அது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்கேன் எடுத்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அவன் எனக்குப் போன் செய்தான்.

“கோச், ரிசல்ட் வந்துடுச்சு!”

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் உயிர் வந்தது. “ஒண்ணும் இல்லையாடா?” என்று கேட்டேன்.

“இல்ல கோச், உள்ள தசைநார் முழுசா அறுந்துடுச்சாம். ஆபரேஷன் பண்ணணும். ஏணி ஏற ரொம்ப மாசம் ஆகுமாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். “குரூப்ல போட்டுட்டேன் கோச். இனிமே எவனும் கெங்னு சொல்ல மாட்டான்ல?”