சந்தனம் வைச்ச துவக்கு

…அவள் எட்டாம் மாடிக்காரி சொன்னாளெண்டு நீயும் நம்பிட்டியே பிள்ளை? என்ரை மருமகன் காங்கிலை, அந்தச் சண்டியர் கூட்டத்திலை, சேந்திட்டாராம்! நீளப் பெட்டியோடை லிப்ற்றிலை ஏறினதைக் கண்டவளாம். கண்டது மெய்தான். பெட்டிக்குள்ளை துவக்கு இருந்ததும் மெய்தான். ஆனா அது முயலுக்கு. கதிரையை இழுத்து இரு, முழுக்கச் சொல்லுறன். அடுப்பிலை கறி கிடக்கு, எண்டாலும் அது அவிய நேரம் எடுக்கும்.

போன வருசம் பிறம்ரன் ஃபக்ரரியிலை மருமகன்ரை வலக்கை மெசினுக்குள்ளை போனது உனக்குத் தெரியுந்தானே. சின்ன விரலும் மோதிர விரலும் இப்பவும் மடங்காது. அதுக்குப் பிறகு மனிசன் கதைக்கிறதே குறைஞ்சு போச்சு. வேலைக்குத் திரும்பிப் போனாலும் பாரம் தூக்க விடாமல் ஒரு மூலையிலை நிப்பாட்டிப் போட்டினம். அங்கை கூட நிக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் கேட்டவர், வடக்கை எனக்குக் காணியிருக்கு, என்னோடை வேட்டைக்கு வாறியோ எண்டு. அண்டைக்கு வீட்டை வந்து சப்பாத்துக் கழட்ட முதலே சொன்னார். எத்தினையோ மாசத்துக்குப் பிறகு அந்த முகத்திலை ஒரு வெளிச்சம் பாத்தன்.

என்ரை மகள் துள்ளினாள். "துவக்கைப் பாத்துப் பாத்துத்தானே ஓடி வந்தனாங்கள், பேந்து காசு குடுத்து வீட்டுக்குள்ளை கொண்டு வரப் போறீங்களோ?" நான் சொன்னன், "எடியே, அது ஆக்களுக்கில்லை, முயலுக்கு. மனிசன் சிரிச்சு எவ்வளவு நாள், விடடி." அவர் வகுப்புக்குப் போய், சோதினை பாஸ் பண்ணி, பொலிஸ் விசாரிச்சு, லைசென்ஸ் வரக் கன காலம் எடுத்தது. அதுக்குள்ளை அவளும் அடங்கிட்டாள். பூட்டுப் போட்ட அலுமாரி, ரவைக்கு வேறை பெட்டி, திறப்பு அவளின்ரை கையிலை. அதுதான் அவளின்ரை கட்டளை.

துவக்கு வாங்கப் போகேக்கை என்னையும் கூட்டிக் கொண்டு போனவர். மகள் வேலை, என்னைத் தனிய விடேலாது. கடையெண்டால் சீலைக் கடை மாதிரிப் பிள்ளை! சுவர் முழுக்க வரிசையா நிக்குது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையாலை இழுத்து அடுத்த ரவை ஏத்துற சாதியை முதல்லை குடுத்தான் கடைக்காரன். இவருக்கு அந்த இழுவை கைகூடேல்லை. ரெண்டு விரல் நீட்டினபடி நிக்குது, பிடி வழுக்குது. முகம் சிவந்து போச்சு. கடைக்காரன் நல்ல பொடியன், ஒண்டும் கேக்காமல் வேறையொண்டு எடுத்தான். அது ஒருக்கா சுட்டால் அடுத்த ரவை தானாவே ஏறும். விரலாலை தட்டினால் காணும்.

அதிலையும் நாலைஞ்சு. நான் எல்லாத்தையும் கையிலை வாங்கிப் பாத்தன். கடைக்காரன் சிரிக்கிறான். எனக்கு எண்ணும் தெரியாது எழுத்தும் தெரியாது, ஆனா ஆறு பிள்ளை தூக்கின கை. பிள்ளையைத் தூக்கேக்கை தலைப் பக்கம் பாரமெண்டால் கை உளையும், நடுவிலை பாரமெண்டால் எவ்வளவு நேரமும் வைச்சிருக்கலாம். "தம்பி, உது மூக்குப் பக்கம் பாரம். உதுவும் அப்பிடித்தான். இந்தக் கறுப்பு, இதுதான் கையிலை நித்திரை கொள்ளுது" எண்டன். பிடிக்கட்டை பிளாஸ்ரிக்காம், பனிக்கும் மழைக்கும் ஊதாதாம். நீளமும் குறைவு. இவர் தோளிலை வைச்சால் அளவாப் பொருந்துது. பிறகுதான் கடைக்காரன் சொன்னான், அது பொம்பிளையளுக்கெண்டு செய்ததாம்! இவர் வெக்கப்பட்டார். நான் சொன்னன், "முயல் கேக்கப் போகுதோ?"

அதோடை விட்டிருக்கலாம். மேலை பூட்டுற குழாய்க் கண்ணாடி ஒண்டு கேட்டார். ஸ்கோப்பாம். கடைக்காரன் சின்னது காணும் எண்டான். இவர் உலக்கை மாதிரி ஒண்டு எடுத்தார். பூட்டின பிறகு நான் தூக்கிப் பாத்தன். "தம்பி, இப்ப இதுக்குத் தலைப்பாரம் வந்திட்டுது." "மாமி, உங்களுக்கு உது விளங்காது." சரியெண்டு விட்டிட்டன். தோளிலை கொழுவுற வாருக்கு மட்டும் என்ரை பழைய கம்பளிச் சட்டையை வெட்டி மெத்தை தைச்சுக் குடுத்தன், வெட்டாமல் இருக்கட்டுமெண்டு.

கிழவர் ஒரு சொல் சொல்லி வைச்சிருந்தவர். நூற்றம்பது அடி தூரத்திலை ஒரு கடதாசிக் கோப்பை. அதிலை அஞ்சு வெடியும் பட்டால்தான் தன்ரை காணிக்குக் கூட்டிக் கொண்டு போவாராம். படாட்டில் அடுத்த வருசம். ஆர் எண்டாலும் அதுதான் சட்டம். இவர் அதுக்கு முந்தின கிழமை ரேஞ்சுக்கு, சுட்டுப் பழகுற இடத்துக்குப் போய் ஸ்கோப்பை நேராக்கி, அஞ்சும் கோப்பைக்குள்ளை போட்டிட்டு வந்தவர். வீடெல்லாம் பாட்டு.

இடையிலை சரஸ்வதி பூசை வந்திட்டுது. வீட்டிலை இருக்கிற ஆயுதமெல்லாம் துடைச்சுப் பூசையிலை வைக்கிறது எங்கடை வழக்கந்தானே. பேரப்பிள்ளையின்ரை புத்தகம், மகளின்ரை தையல் மெசின், இவற்றை ஸ்பானர் பெட்டி. அப்ப துவக்கு? அது மட்டும் என்ன பாவம் செய்தது? கேட்டன். மகள் முறைச்சாள், எண்டாலும் திறப்பைத் தந்தாள். இவர் உள்ளுக்கை ஒண்டும் இல்லையெண்டு ரெண்டு தரம் திறந்து காட்டி, விசைக்குப் பூட்டும் போட்டுத் தந்தவர்.

நான் எதைத் துடைச்சாலும் ஒழுங்காத்தான் துடைப்பன். அந்த ஸ்கோப்பிலை மருந்துப் போத்தல் மூடி மாதிரி ரெண்டு மூடி. திறந்தால் உள்ளுக்கை சின்னச் சில்லு. சீலைத் தலைப்பாலை பிடிச்சுத் திருப்பித் துடைச்சன். டிக் டிக் எண்டு ஒரு சத்தம். என்ன வடிவான சத்தம் பிள்ளை! கேக்கக் கேக்க ஆசையாக் கிடந்தது. இந்தப் பக்கமும் திருப்பி, அந்தப் பக்கமும் திருப்பி, நடுவிலை சந்தனமும் குங்குமமும் வைச்சு மூடிட்டன்.

விசயதசமி சனிக்கிழமை, அண்டைக்குத்தான் ரேஞ்சிலை கிழவரின்ரை சோதினை. நானும் போனன். குளிருக்குச் சீலைக்கு மேலாலை ஜக்கெற், காதுக்கு ஒரு மூடி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. கிழவர் நான் இருக்க ஒரு வாங்கும் துடைச்சு விட்டார். இவர் முதல் வெடி வைச்சார். கோப்பையிலை ஒண்டுமில்லை. ரெண்டாவது, இல்லை. மூண்டாவது வெடிக்குக் கோப்பைக்கு அங்காலை, இடப் பக்கம் மண் பறந்தது எனக்கே தெரிஞ்சது. இவர் துவக்கை வைச்சிட்டுத் தன்ரை கையையே பாத்துக் கொண்டு இருந்தார்.

"என்ரை கை சரிவராது மாமி. இனி உதெல்லாம் எனக்கில்லை." பெட்டியைத் திறந்தார்.

நான் பெட்டி மூடியைப் பிடிச்சன். "தம்பி, உங்கடை கையிலை பிழையில்லை. அந்த மூடி ரெண்டையும் நான் திறந்து… உள்ளுக்கை இருந்ததைத் திருப்பினனான்."

"எவ்வளவு மாமி?"

"சத்தம் நல்லாயிருந்தது… நல்லாத் திருப்பிப் போட்டன்."

குறியை நேராக்குறதே அந்தச் சில்லாலைதானாம். இவர் கிழவருக்கு இங்கிலீசிலை சொன்னார். கிழவர் மூடியைக் கழட்டினார். உள்ளுக்கை குங்குமம் சிவப்பாச் சிரிக்குது. விரலாலை தொட்டு மணந்து பாத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமி, கண்ணாலை தண்ணி வந்து, வாங்கிலை இருந்திட்டார். பேந்து தன்ரை பெட்டியிலை இருந்து திருப்புளி எடுத்து ஸ்கோப்பை முழுக்கக் கழட்டி என்ரை மடியிலை வைச்சார். குழல் நுனியிலை துவக்கோடை பிறந்த குறியைப் பாத்துச் சுடட்டாம். புதுசா அஞ்சு ரவை.

இவர் தூக்கினார். தூக்கின உடனை எனக்கு விளங்கிச்சுது, கடையிலை என்ரை கையிலை கிடந்த அதே பாரம். தோள் ஆடேல்லை. அஞ்சும் சுட்டு முடிச்சார். அங்கை சுட வந்த எல்லாரும் துவக்கை வைச்சிட்டுக் கை காட்டின பிறகுதான் முன்னாலை நடக்க விட்டினம். நான் ஓடாத குறை. கோப்பையிலை ஒவ்வொரு ஓட்டைக்குள்ளையும் விரலை விட்டு எண்ணினன். ஒண்டு கரையோடை கரையா. எண்டாலும் அஞ்சு!

கிழவர் இவற்றை மற்றக் கையைப் பிடிக்கேல்லை பிள்ளை, அந்த மடங்காத விரல் கையைத்தான் பிடிச்சுக் குலுக்கினவர். என்னையும் காணிக்கு வரட்டாம், ஆனா துவக்குக்குக் கிட்ட வரக் கூடாதாம். அந்தக் கோப்பை இப்ப சாமித் தட்டிலை இருக்கு. ஸ்கோப் அலுமாரியிலை. உந்த மணம்தான் நேற்றுக் கொண்டந்த முயல், முதல் முயல். உனக்கும் ஒரு கோப்பை போட்டுத் தாறன், அந்த எட்டாம் மாடிக்காரிக்கும் ஒரு துண்டு… ஐயோ, அடிப் பிடிக்குது போலை! தள்ளு பிள்ளை, தள்ளு, பால் விடேல்லை இன்னும்…